பதிவேட்டில் ஏறாத தாய்மார்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் பணித்தனர். முடிமன்னர் வரலாற்றை எழுத வல்ல அறிஞர் பலர் நம்மிடையே உளர். இரயில்வே அலுவலகத்தில் எழுத்தனாய்ப் பணிபுரியும் எனக்குத் தெரிந்தவையெல்லாம் பெயர், வேலை, வந்த நாள், வாராத நாள், கூலி என்னும் கட்டங்களே. ஆயினும் அக்கட்டங்களுக்குள்ளும் ஒரு வரலாறு உண்டு. உழைத்து உண்ணும் தாய்க்கு மகப்பேற்றுக் காலத்தில் ஓய்வும் கூலியும் வேண்டும். அவள் வேலை செய்யும்போது அவள் குழந்தைக்கு ஒரு தொட்டில் வேண்டும். ஆடவனுக்கு நிகரான கூலி அவளுக்கும் வேண்டும் என்று ஒரு நூற்றாண்டாக இந்நாட்டில் நடந்து வரும் வழக்கே அவ்வரலாறு. அதன் முதல் அதிகாரம் பெரும்பாலும் நாம் குடியேறி வாழும் இந்த மும்பையிலேயே எழுதப்பட்டது. ஆதலின் நம் குடியிருப்பைச் சேர்ந்த குடும்பங்கள் அதனை அறிந்திருத்தல் தகும்.

ஆலைச் சங்கு ஒலித்த காலம்

பரேல், கரீ ரோடு, சிஞ்ச்போக்ளி வழியாக நாம் நாள்தோறும் மின்சார வண்டியில் செல்கிறோம். இன்று அங்கே வானளாவிய மாடங்களைக் காண்கிறோம். ஒரு காலத்தில் அங்கே நின்றவை ஆலைப் புகைக்கூண்டுகள். 1854-ஆம் ஆண்டில் இந்நகரின் முதல் பஞ்சாலை நிறுவப்பட்டது. 1920-களில் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் தொழிலாளர் பம்பாய் ஆலைகளில் உழைத்தனர். அவர்களுள் ஐந்தில் ஒரு பங்கினர் பெண்கள். நூல் சுற்றும் பகுதிகளிலேயே பெரும்பாலோர் இருந்தனர்.

1881-ஆம் ஆண்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கலாகாது என்று விதித்தது. ஏழு வயதுச் சிறுவன் ஒன்பது மணி நேரம் உழைப்பதைச் சட்டம் தவறென்று கருதவில்லை. 1891-ஆம் ஆண்டில் திருத்தம் வந்தது. பெண்களுக்கு நாளொன்றுக்குப் பதினொரு மணி நேரம் என்பது எல்லையாயிற்று. அந்தப் பதினொரு மணி நேரமும் கைக்குழந்தை எங்கே இருக்கும் என்னும் கேள்வி எந்தச் சட்டத்திலும் எழவில்லை.

குழந்தை எங்கே இருந்தது? ஒற்றையறைச் சாலில் இருந்தது. அல்லது ஆலையின் தரையில், பஞ்சுத் தூசுக்கு நடுவே ஒரு கந்தையின்மீது கிடந்தது. அழாமல் கிடக்க வேண்டுமே! அதற்கு ஒரு வழி கண்டனர். பாலகோலி என்று பெயர் பெற்ற சிறு அபின் உருண்டையைக் குழந்தைக்குக் கொடுத்தனர். 1922-ஆம் ஆண்டில் பம்பாய் ஆலைப் பெண்களின் நிலையை ஆராய்ந்த டாக்டர் பார்ன்ஸ் என்னும் பெண் மருத்துவர், அத்தாய்மாரின் குழந்தைகளுள் ஏறக்குறைய அனைவருக்குமே அபின் கொடுக்கப்படுவதைக் கண்டு எழுதினார். தாய்மார் கொடியவர் அல்லர். கூலியை இழந்தால் அடுப்பு எரியாது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்ட தாய் வேறென் செய்வாள்?

1921-ஆம் ஆண்டில் பம்பாயில் பதிவான பிறப்பு 1,000-க்கு அறுநூறுக்கு மேற்பட்ட குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன என்று நகரின் கணக்குக் கூறுகிறது. பதிவேடு எழுதுவோன் என்னும் முறையில் இங்கே ஒன்று கூற வேண்டும். தாய்மார் பலர் மகப்பேற்றுக்குச் சொந்த ஊர் சென்று, பின்னர்க் கைக்குழந்தையோடு திரும்பினர். பிறப்பு ஊர்க் கணக்கில் ஏறியது. இறப்பு நகரக் கணக்கில் ஏறியது. ஆகவே அவ்வெண் உண்மையைவிடச் சற்று மிகுந்திருக்கலாம். எவ்வளவு கழித்தாலும் எஞ்சுவது நெஞ்சை உலுக்கும் எண்ணேயாம். 2023-ஆம் ஆண்டில் இந்தியா முழுமைக்கும் அவ்விகிதம் 1,000-க்கு 25 என்பதை இதனோடு ஒப்பிட்டுக் காண்க.

எட்டணாச் சட்டம்

1919-ஆம் ஆண்டில் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு மகப்பேற்றுக் காப்பு பற்றி ஓர் உடன்படிக்கை செய்தது. அம்மாநாட்டுக்கு இந்தியத் தொழிலாளரின் பிரதிநிதியாகச் சென்றவர் பம்பாய்ச் சமூகத் தொண்டர் என். எம். ஜோஷி. திரும்பி வந்த அவர், 1924-ஆம் ஆண்டில் மத்திய சட்டசபையில் மகப்பேற்றுச் சலுகை மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது தோல்வியுற்றது.

மத்தியில் மூடிய கதவு மாகாணத்தில் திறந்தது. 1928-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பம்பாய்ச் சட்டசபையில் அத்தகைய மசோதா ஒன்று விவாதத்துக்கு வந்தது. ஆலைத் தொழிலுக்குச் சுமை கூடும் என்பது எதிர்த்தோர் வாதம். அப்போது நியமன உறுப்பினராயிருந்த டாக்டர் அம்பேத்கர் எழுந்து அதனை ஆதரித்தார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே உரியது. ஆதலின் அச்செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்பதே முறை என்பது அவர் கருத்து. பெண்ணின் உழைப்பால் ஊதியம் காணும் முதலாளியும் ஒரு பகுதியை ஏற்கத்தான் வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். இச்சொற்களை வாசகர் நினைவில் இருத்த வேண்டுகிறேன். பின்வரும் வரலாறு முழுவதும் இச்செலவை யார் ஏற்பது என்னும் கேள்வியையே சுற்றி வருகிறது.

1929-ஆம் ஆண்டில் பம்பாய் மகப்பேற்றுச் சலுகைச் சட்டம் நிறைவேறியது. நாளொன்றுக்கு எட்டணா சலுகைத் தொகையாயிற்று. செலவு முழுவதும் முதலாளியின் தலையில் வைக்கப்பட்டது. மத்திய மாகாணம் 1930-லும், நம் சென்னை மாகாணம் 1934-லும், வங்காளம் 1939-லும் தத்தம் சட்டங்களை இயற்றின. சுரங்கப் பெண்களுக்கு 1941-ஆம் ஆண்டில் மத்தியச் சட்டம் வந்தது. அம்பேத்கர் வைசிராய் சபையில் தொழிலாளர் துறை உறுப்பினரான பின் அச்சட்டம் திருத்தப்பட்டது.

இடையே 1929-ஆம் ஆண்டில் விட்லி என்பாரின் தலைமையில் ராயல் தொழிலாளர் கமிஷன் நியமிக்கப்பட்டு, 1931-ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. அதன் உறுப்பினருள் நம் தமிழகத்து மகாகனம் வீ. எஸ். சீனிவாச சாஸ்திரியாரும் ஒருவர் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. பேறுகாலச் சட்டம் நாடு முழுவதும் பரவ வேண்டும் என்றும், பெண்கள் பெருந்தொகையாய் உழைக்கும் இடங்களில் தொட்டிலறை வேண்டும் என்றும் அக்கமிஷன் பரிந்துரைத்தது.

ஐம்பது என்னும் எண்

1934-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் உழைக்கும் ஆலைகளில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்று விதிக்க மாகாண அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. சுதந்திர இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கட்டாயமாக்கியது. 1976-ஆம் ஆண்டில் ஐம்பது முப்பதாயிற்று. மலைத்தோட்டங்களுக்கு 1951-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. வால்பாறையிலும் மூணாற்றிலும் தேயிலை கிள்ளும் தமிழ்ப் பெண்களின் குழந்தைகளுக்குத் தொட்டிலறை சட்டப்படி உரிமையானது அதனால்தான்.

விதி நல்லதே. ஆனால் அதனுள் ஒரு சூது மறைந்திருந்தது. ஐம்பத்தோராவது பெண்ணை வேலைக்குச் சேர்த்தால் தொட்டிலறை கட்ட வேண்டும், சேர்க்காவிடின் வேண்டா. பெண்ணை வைத்தால் பேறுகாலத் தொகை கொடுக்க வேண்டும். ஆணை வைத்தால் வேண்டா. வரவு செலவு அறிந்த முதலாளி எப்பக்கம் சாய்வான் என்று நான் கூறவும் வேண்டுமோ? 1930-களுக்குப் பின் பம்பாய் ஆலைகளில் பெண்களின் விகிதம் படிப்படியாகக் குறைந்தது. புதிய எந்திரங்கள் வந்தமை, இரவு வேலை பெண்களுக்குத் தடுக்கப்பட்டிருந்தமை முதலிய காரணங்களும் உண்டு. எனினும் பெண்ணைக் காக்க வந்த செலவைப் பெண்ணை அமர்த்துவோன் மட்டுமே தாங்க வேண்டும் என்று வைத்தது அக்காரணங்களுள் ஒன்று என்பதை மறுக்க இயலாது.

இதற்கு மாற்று மருந்தும் அக்காலத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டது. 1948-ஆம் ஆண்டில் தொழிலாளர் அரசு காப்புறுதிச் சட்டம் இயற்றப்பட்டது. ஈ. எஸ். ஐ. என்று நாம் சுருங்கச் சொல்வது அதுவே. 1952-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் பிரதமர் நேரு கான்பூரில் அதனைத் தொடங்கிவைத்தார். இதில் ஆண் பெண் வேறுபாடின்றி ஒவ்வொரு தொழிலாளியின் கூலிக்கும் ஏற்ப முதலாளியும் தொழிலாளியும் ஒரு பொது நிதியில் பணம் செலுத்துகின்றனர். பேறுகாலத் தொகையும் மருத்துவமும் அந்நிதியிலிருந்து வருகின்றன. பெண்ணைச் சேர்த்ததால் எந்த முதலாளிக்கும் தனிச்சுமை இல்லை. சேர்க்காததால் ஆதாயமும் இல்லை. ஊர் கூடித் தேர் இழுப்பது போன்ற ஏற்பாடு இது. ஆனால் அத்தேர் பதிவு பெற்ற ஆலைகளும் கடைகளும் உள்ள வீதிகளில் மட்டுமே ஓடியது.

1950-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம், சம வேலைக்குச் சமக் கூலி என்பதை 39-ஆம் பிரிவிலும், மனிதத் தன்மையுள்ள வேலைச் சூழலும் மகப்பேற்று உதவியும் வேண்டும் என்பதை 42-ஆம் பிரிவிலும் நெறியாக வகுத்தது. 1961-ஆம் ஆண்டில் நாடு முழுமைக்குமான மகப்பேற்றுச் சலுகைச் சட்டம் நிறைவேறியது. பன்னிரண்டு வார ஓய்வும், பணிக்குத் திரும்பியபின் குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை நாளுக்கு இருமுறை பாலூட்டும் இடைவேளையும் அதில் உண்டு. நாற்பதாண்டு வாதத்தின் கனி அது.

நீதிமன்றப் படிகள்

ஏட்டில் ஏறிய உரிமை கைக்கு வர வழக்காடவும் வேண்டியிருந்தது. திருமணம் செய்துகொண்டால் பெண் ஊழியர் வேலையை விட வேண்டும் என்று பம்பாயில் ஒரு நிறுவனம் விதி வைத்திருந்தது. 1965-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவ்விதி செல்லாது என்றது. முதல் முறை கருவுற்றதும் விமானப் பணிப்பெண்ணை வேலையினின்று நீக்கலாம் என்னும் விதியை 1981-ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் தள்ளியது. 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தைக் காட்டி, பம்பாயில் பெண் சுருக்கெழுத்தாளர் ஒருவர் ஆண் சுருக்கெழுத்தாளருக்கு நிகரான சம்பளம் கேட்டார். 1987-ஆம் ஆண்டில் வென்றார். அலுவலகம் செல்லும் நம் மகளிர் இன்று இவற்றை இயல்பென்று எண்ணுகின்றனர். ஒவ்வொன்றின் பின்னும் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறிய ஒருவர் உண்டு.

இவ்வழக்குகளுள் என் நெஞ்சில் நிற்பது வேறொன்று. தில்லி மாநகராட்சியில் சாலை போடவும் பள்ளம் தோண்டவும் மஸ்டர் ரோல் கூலிகளாகப் பெண்கள் பலர் உழைத்தனர். நிரந்தர ஊழியர்க்கே பேறுகாலச் சலுகை உண்டு, நாட்கூலிக்கு இல்லை என்றது மாநகராட்சி. மஸ்டர் ரோல் என்பது என்ன? அன்றன்று வந்தவர் பெயரை எழுதி, மாத முடிவில் கூட்டி, கூலி கொடுத்தபின் மூடி வைக்கும் ஏடு. அந்த ஏட்டில் பல ஆண்டுகள் பெயர் இருந்தாலும், சலுகை என்று வரும்போது அப்பெயர் பெயரே அன்று! தொழிற்சங்கம் வழக்காடியது. தொழில் தீர்ப்பாயத்தில் வென்றது. உயர் நீதிமன்றத்தில் வென்றது. இறுதியில் 2000-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்திலும் வென்றது. கருவுற்ற பெண் நாட்கூலியாயினும் நிரந்தர ஊழியராயினும் அவள் படும் பாடு ஒன்றே என்பது அத்தீர்ப்பின் சாரம். உலக மகளிர் நாளில் அத்தீர்ப்பு வெளியானது பொருத்தமே.

கல்லும் மணலும் சுமப்போர்

ஆலையில் தொட்டிலறை கட்டலாம். நாளை வேறிடம் பெயரும் கட்டட வேலையில் எங்கே கட்டுவது? 1969-ஆம் ஆண்டில் தில்லி ராஜ்காட் அருகே காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காக வேலை நடந்தது. சித்தாள் பெண்களின் குழந்தைகள் வெயிலில் மண்மேட்டில் கிடப்பதைக் கண்டார் மீரா மகாதேவன் என்னும் அம்மையார். அங்கேயே ஒரு கூடாரத்தில் குழந்தைக் காப்பகம் தொடங்கினார். வேலை முடிந்து கூலிகள் இடம் பெயர்ந்தபோது காப்பகமும் உடன் பெயர்ந்தது. நடமாடும் தொட்டிலகம் என்னும் அவ்வியக்கம் 1972-ஆம் ஆண்டில் பம்பாய்க்கும் வந்தது. பாலும் பருப்பும், தடுப்பூசியும், சிறிது எழுத்தும் அங்கே கிடைத்தன. கட்டடத் தொழிலாளர் சட்டம் வந்தது 1996-ஆம் ஆண்டில்தான். தொண்டு முன்னே சென்றது. இருபத்தேழு ஆண்டு கழித்துச் சட்டம் பின்னே வந்தது. அச்சட்டமும் ஐம்பது பெண்களுக்கு மேல் இருந்தால்தான் தொட்டிலறை என்று அதே பழைய எண்ணைப் பற்றிக்கொண்டது.

தொழிலிடத்தைச் சாராமல் குழந்தையை நோக்கி அரசு நேரே வந்தது 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள். அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அங்கன்வாடி என்னும் சொல் வீட்டுச் சொல்லானது அதன் பின்னரே. குடியிருப்பு எதுவும் விடுபடாது எங்கும் அங்கன்வாடி வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆறு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பராமரிப்பும் கல்வியும் தர அரசு முயல வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அரசியல் சட்டத்தின் 45-ஆம் பிரிவிலும் இடம்பெற்றது.

அங்கன்வாடியில் பணிபுரியும் பெண்ணின் நிலை என்ன? அவர் ஊழியர் அல்லர், தொண்டர். அவர் பெறுவது சம்பளம் அன்று, மதிப்பூதியம் என்று ஏடுகள் எழுதின. பணிக்கொடைச் சட்டம் அவர்களுக்கும் உரியது என்று 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டின் குழந்தைகளைக் காத்தவர் தம் முதுமைக்கு ஒரு சிறு தொகை கேட்கவும் நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது.

இன்றைய நிலை

நடுவண் அரசின் பெண் ஊழியர்க்கு 2008-ஆம் ஆண்டு முதல் 180 நாள் பேறுகால விடுப்பும், பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் வரை குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. எங்கள் இரயில்வே மகளிரும் அதனைத் துய்க்கின்றனர். தனியார் துறையில் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் பன்னிரண்டு வாரத்தை இருபத்தாறாக்கியது. இரண்டோ அதற்கு மேலோ குழந்தைகள் உள்ளோர்க்குப் பழைய பன்னிரண்டே. அத்திருத்தம் மற்றொரு நன்மையும் செய்தது. பெண்களை மட்டும் எண்ணாமல், ஐம்பது ஊழியர்கள் உள்ள இடங்களுக்குத் தொட்டிலறையை விதித்தது. ஆணை வைத்தாலும் தொட்டிலறை வேண்டும் என்றானபின், அவ்வளவில் பழைய சூது ஒழிந்தது. இவ்விதிகள் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் சேர்ந்தன. அது 2025-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. எனினும் ஈ. எஸ். ஐ.க்கு வெளியே உள்ளோர்க்கு இருபத்தாறு வாரக் கூலியை முதலாளியே தருதல் வேண்டும் என்பது மாறவில்லை. அரசும் பங்கேற்க வேண்டும் என்று 1928-ஆம் ஆண்டில் கூறப்பட்டது இந்த இடத்தில் இன்னும் பேச்சளவிலேயே நிற்கிறது.

பதிவேட்டுக்கு வெளியே நிற்போர்க்கு அரசு கைகொடுக்காமல் இல்லை. தமிழகத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987-ஆம் ஆண்டு முதல் ஏழைத் தாய்மார்க்கு உதவி தரப்படுகிறது. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு தாய்க்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. 2017-ஆம் ஆண்டில் வந்த மத்தியத் திட்டமோ முதற் குழந்தைக்கு மட்டும் 5,000 ரூபாய் என்று வைத்தது. 2022-ஆம் ஆண்டு முதல் இரண்டாவது குழந்தை பெண்ணாயின் 6,000 ரூபாய் என்று சேர்த்தது. அலுவலகப் பெண்ணுக்கு இருபத்தாறு வாரச் சம்பளம். களை பறிக்கும் பெண்ணுக்குச் சில ஆயிரம் ரூபாய். இருவர் வயிற்றிலும் வளர்வது இந்நாட்டுக் குழந்தைதானே!

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமைப்புசாராத் தொழிலாளர்க்கென இ-ஷ்ரம் என்னும் பதிவேட்டை அரசு திறந்தது. முப்பது கோடிக்கு மேற்பட்டோர் பெயர் அதில் ஏறியுள்ளது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். இது சிறு செயல் அன்று. பெயர் ஏறுவதே முதற்படி என்பதை ஏடு எழுதுவோன் நன்கு அறிவான். பெயருக்கு நேராக உள்ள உரிமைக் கட்டங்கள் நிரம்புவதே இனி வேண்டுவது.

நம் வாயிற்படியில்

அன்பர்களே, இதுகாறும் ஆலை முதலாளியையும் அரசையும் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றியும் ஒரு சொல். நம் குடியிருப்பில் காலை ஏழு மணிக்குப் பாத்திரம் துலக்கவும் தரை துடைக்கவும் வரும் பெண்ணுக்கு முதலாளி யார்? நாம்தான். அவள் பெயர் எந்த ஆஜர்ப் பட்டியலிலும் இல்லை. நான்கு வீட்டில் வேலை செய்வதால் நால்வருள் எவரும் தம்மை முதலாளி என்று எண்ணுவதில்லை. கருவுற்ற ஏழாம் மாதத்தில் அவள் நின்றுவிட்டால் வேறொருத்தியை அமர்த்துகிறோம். அவள் திரும்பி வரும்போது அந்த இடம் போயிருக்கிறது. வீட்டுப் பணியாளர் உரிமை பற்றிய சர்வதேச உடன்படிக்கை 2011-ஆம் ஆண்டில் உருவாகியும் இந்தியா இன்னும் அதனை ஏற்கவில்லை. நாம் ஏற்பதற்கு எவருடைய ஒப்புதலும் வேண்டியதில்லை.

ஒரு வீடு தனியே தாங்க இயலாததை நூறு வீடுகள் சேர்ந்து எளிதில் தாங்கலாம். ஈ. எஸ். ஐ. காட்டிய வழியும் அதுவே. நம் சங்கத்தில் ஒரு சிறு நிதி தொடங்கி, வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகை சேர்ப்போமாயின், குடியிருப்பில் பணிபுரியும் தாய்க்குப் பேறுகாலத்தில் மூன்று மாதக் கூலி தரலாம். அவள் இடத்தையும் அவளுக்கே வைத்திருக்கலாம். காலை வேளையில் பூட்டிக் கிடக்கும் சங்க மண்டபத்தின் ஓர் அறையில் நான்கு தொட்டில் கட்டுவதும் அரிதன்று. ஆண்டு விழா நாடகத்துக்கும் இன்னிசைக்கும் நிதி திரட்ட வல்ல நமக்கு இது இயலாததா? செயற்குழுவினர் இதனை வரும் பொதுக்குழுவில் எடுத்துரைக்க வேண்டுகிறேன். அதற்கென ஒரு பதிவேடு திறக்கப்படுமாயின், அதனை எழுதும் பணியை நான் மகிழ்வுடன் ஏற்பேன்.